துண்டுக்குள் மாத்திரை

அப்பா பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகர். விலையை வாயால் சொல்ல மாட்டார். தோள் துண்டை விரித்து, அதற்குள் எதிராளியின் விரல்களைப் பிடித்தே பேரத்தை முடிப்பார்; எத்தனை விரலோ, அதுதான் விலை. சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸுக்குப் போக ஆரம்பித்த பிறகும் சந்தையை விடவில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான் என்பதால், மாத்திரைக்கு நானே பொறுப்பு.

அதில் ஒன்று பாஸ்பரஸ் மாத்திரை. சோற்றோடு சோறாக வயிற்றில் இறங்கினால்தான் சாப்பாட்டிலுள்ள பாஸ்பரஸைப் பிடித்து வெளியே தள்ளும். வீட்டில் அப்பா ஒழுங்காகப் போட்டுக்கொள்வார். விருந்துக்குப் போனால் மட்டும் அது சட்டைப்பையிலேயே கிடக்கும். பஸ் ஏறி வீடு வந்துதான் விழுங்குவார்.

"இலையில ஒக்காந்து மாத்திரை முழுங்குனா, சோத்து மேல நம்பிக்கை இல்லாத மாதிரி ஆயிருமல்லோ கண்ணு? ஊட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க?"

"சந்தை கலைஞ்ச பொறகு துண்டை விரிச்சா மாடு கெடைக்குமாங்கப்பா?"

அப்பா முதுகைச் சொறிந்தார். அந்த அரிப்புதான் எங்கள் கவலை. பாஸ்பரஸ் ஏறியதால் வந்தது. ரத்தம் கசியும் வரை சொறிவார். இப்படியே போனால் எலும்பும் கெட்டுவிடும் என்று நர்ஸ் எச்சரித்திருந்தார். அப்போது பார்த்து ஆவணி பிறந்தது. வீட்டில் கல்யாணப் பத்திரிகைகள் குவிந்தன.

முதல் கல்யாணம் அன்னூரில், அப்பாவுக்கு மச்சான் முறையானவர் வீட்டில். பஸ்ஸிலேயே ஒப்பந்தம் போட்டோம். மாத்திரை என்னிடம் இருக்கும், துண்டு அவருடையது. முழுச் சாப்பாட்டுக்கு இரண்டு என்பது டாக்டர் கணக்கு.

பந்தியில் சோறு விழுந்ததும் அப்பா துண்டை எங்கள் இருவர் மடிமேலும் விரித்தார். இரண்டு மாத்திரைகள் கைமாறின. சோற்று உருண்டைக்குள் வைத்து விழுங்கினார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. தொழில் அனுபவம்!

பால் பாயசம் வந்தது; பாலில் பாஸ்பரஸ் அதிகம். துண்டுக்குள் என் விரல் ஒன்றைப் பிடித்தார். இன்னொரு மாத்திரை கொடு, ஒரு டம்ளர் குடித்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். கையை உதறினேன். பாதி விரலைப் பிடித்தார். அரை டம்ளராம்! விரல்களை மடக்கிக்கொண்டேன்.

"ஏனுங் மச்சான்," கல்யாண வீட்டுக்காரர் எங்கள் முன்னால் நின்றிருந்தார். "பந்தியிலயே மாட்டு வெல பேசறீங்களாக்கு? சம்பந்தி ஊட்டுக்காரங்க பாக்கறாங்கல்லோ!"

அப்பா பதறித் துண்டை இழுக்க, மாத்திரை அட்டை கீழே விழுந்தது.

"மாத்திரைங்க... சோத்தோட முழுங்கோணுமாம். உங்க சோத்துல ஒரு கொறையும் இல்லீங்க மச்சான்."

மச்சான் குனிந்து அட்டையை எடுத்தார். வேட்டியில் துடைத்து, இலையோரம் உப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதையேனுங்க களவு மாடாட்டம் மறைக்கறீங்க? இன்னமே எங்க ஊட்டுல மொதல்ல இது இலைக்கு வரோணும். அப்பறந்தான் சோறு." பரிமாறுபவரிடம் திரும்பினார். "மச்சானுக்குப் பாயசம் வேண்டாம். பையன் மொறைக்கறான்."

பந்தியே சிரித்தது. எல்லாரையும்விட அப்பாதான் சத்தமாகச் சிரித்தார்.

அந்த ஆவணி முழுக்க, போன இடமெல்லாம் அட்டை உப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தது. அடுத்த ரத்தப் பரிசோதனைக்குள் சொறிவது குறைந்திருந்தது. முடிவை வாங்கி வந்ததும், பாஸ்பரஸ் இப்போது எவ்வளவு என்று வாயால் கேட்காமல் அப்பா துண்டை நீட்டினார். உள்ளே கைவிட்டு விரல் பிடித்துச் சொன்னேன்.

அப்பா என் கையை விடவில்லை.

"இன்னும் ஒரு வெரல் கொறச்சுக் குடு கண்ணு, முடிச்சுக்கலாம்."