திரையில் எழுத்து வராத படம்

பெரிய மார்க்கெட் பக்கத்துச் சந்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அர்ஹமுக்கு வயது இருபத்தெட்டு. பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. சொல்ல வேண்டியதைப் போனில் டைப் செய்து காட்டுவான். கடைக்கு வருகிறவர்கள் உடைந்த போனை நீட்டிவிட்டு அவனிடம் கத்துவார்கள். நானும் முதல் நாள் கத்தியவன்தான்.

என் பெயர் கமலக்கண்ணன். ஊருக்குள் ஒரு தியேட்டரில் மேனேஜர். அது தெரிந்த நாளிலிருந்து அவன் என்னிடம் பேசியதெல்லாம் ஒரே விஷயம்தான். வீடியோ கேம்களைச் சினிமாவாக எடுக்கிறார்களே, அதில் அடுத்து எது வருகிறது, யார் நடிக்கிறார்கள் என்று. சின்ன வயதில் வீட்டாரோடு தமிழ்ப் படத்துக்குப் போவானாம். "எல்லாரும் சிரிப்பாங்க. நான் கொஞ்சம் லேட்டா சிரிப்பேன்" என்று டைப் செய்தான். பிறகு போவதையே விட்டுவிட்டான். கேம் அப்படியில்லை. பேச்சு மட்டுமல்ல, கதவு தட்டும் சத்தம்கூட எழுத்தாக ஓடும். அவன் இங்கிலீஷ் படிக்கக் கற்றுக்கொண்டதே அதில்தான்.

சுரங்கத்தில் தொலைந்த தங்கையை அண்ணன் தேடிப்போகும் கேம் ஒன்று அவனுக்கு உயிர். அது படமாக வருகிறது என்றதும் தியேட்டருக்கே ஓடிவந்தான். "இங்கிலீஷ்ல போடுவீங்களாண்ணே? கீழ எழுத்து வருமா?"

வரும் என்று தலையாட்டினேன். தலையாட்டுவதற்குக் காசா, பணமா?

ரிலீசுக்கு முந்தைய புதன்கிழமை, எந்த மொழியில் வேண்டும் என்று படத்தை வெளியிடும் கம்பெனியில் கேட்டார்கள். முதலாளி என்னிடமே விட்டுவிட்டார். தமிழ் டப்பிங் போட்டால் கூட்டம் வரும். ஆனால் கீழே எழுத்து இங்கிலீஷ் படத்தில்தான் வரும், டப்பிங்கில் வராது. காலைக் காட்சியை மட்டுமாவது இங்கிலீஷில் கேட்டிருக்கலாம், கொடுத்திருப்பார்கள். ஒரு ஆளுக்காக எதற்கு இந்த வம்பு என்று எல்லாக் காட்சிக்கும் தமிழ் என்று சொல்லிவிட்டேன். அதை அவன் கடைக்குப் போய்ச் சொல்லவும் இல்லை. வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவன் தனியாக வரவில்லை. கூடப் படித்த ஆறு பேர், எல்லோரும் காது கேட்காதவர்கள், விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள். அவன் போனை வாங்கி, "கம்பெனில மாத்தி அனுப்பிட்டாங்கப்பா. தமிழ்தான் ஓடும், எழுத்து வராது" என்று டைப் செய்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவன் என் தோளைத் தட்டிவிட்டு, "உங்க மேல தப்பில்லண்ணே. கதை எனக்குத் தெரியும், நான் பாத்துக்கறேன்" என்று பதில் எழுதினான்.

படம் ஆரம்பித்ததும் முன்வரிசைக்கு முன்னால் ஓரமாக, நண்பர்களைப் பார்த்து நின்றுகொண்டான். அவ்வப்போது திரும்பித் திரையைப் பார்ப்பான், கையாலேயே கதை சொல்வான். ஆறு பேரும் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரித்த அதே நேரத்தில் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவர் "உக்காருய்யா, மறைக்குது" என்றார். நான் போய் அவரை அடக்கினேன். பெரிய தர்மம் செய்துவிட்டதாக நினைப்பு எனக்கு.

இடைவேளைக்குப் பிறகு படம் கேமை விட்டு விலகிப் போனது. கேமில் செத்துக் கிடக்கும் தங்கை இங்கே எழுந்து உட்கார்ந்து அண்ணனிடம் நீளமாகப் பேசினாள். அர்ஹமின் கை அப்படியே நின்றது. ஆறு பேரும் அந்தக் கையையே பார்த்தார்கள். அவன் கையை இறக்கிவிட்டுப் போய் அவர்களோடு உட்கார்ந்துகொண்டான். தியேட்டரே அழுதது. அவர்கள் ஏழு பேரும் திரும்பி, அழுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவி நான், கதவோரம் மரமாக நின்றேன்.

வெளியே வந்ததும் போனை நீட்டினான். "தங்கச்சி என்னண்ணே சொன்னா?"

கேட்கிற காது எனக்கு இரண்டு இருக்கிறது. ஆனால் அவன் கை நின்ற பிறகு படத்தில் ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை. "எனக்கும் தெரியலப்பா" என்று டைப் செய்தேன்.

காலையில் என் பொய்யை நம்பித் தோளைத் தட்டியவன், இந்த உண்மையை நம்பவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போனைப் பையில் போட்டுக்கொண்டான்.