காது வைக்காத சாக்கு

என் வீட்டுக்காரர் கொச்சி மட்டாஞ்சேரியில் மூட்டை சுமந்தவர். எழுபதுகளின் கடைசியில், கிடங்கில் மிளகு மூட்டை அடுக்கு சரிந்து அவர்மேல் விழுந்தது. வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். புண் ஆறியது. ஆள் எழவில்லை. ஏழு மாதம் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார்.

எனக்கு வேறொரு கிடங்கில் சுக்கு பொறுக்கும் வேலை. அங்கே சாக்கு வாய் தைக்கிறவருக்கு ஒரு கைதான். மற்றது வைப்பின் தீவில் படகுக்கும் கரைக்கும் நடுவே நசுங்கிப் போனது. சாக்கைக் கால்விரலில் இடுக்கி, சணலைப் பல்லில் கடித்துத் தைப்பார். அதைப் பார்த்தால் வீட்டுக்காரருக்குத் தைரியம் வரும் என்று நினைத்தேன்.

கைவண்டியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். முன்பு அவர் தள்ளிய வண்டி.

தையல்காரர் சிரித்தார். "ஒத்தக் கையப் பாக்க ஒத்தக் காலு வந்திருக்கோ? இருங்க சேட்டா, சாயா சொல்றேன்."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சீறினார். "வேடிக்கை காட்டவா கூட்டியாந்தே?"

பிறகு அவர் கண் தைத்த சாக்குகள்மேல் போனது.

"என்னய்யா இது? காது எங்கே?"

சாக்கு வாயின் இரண்டு மூலையையும் திரட்டித் திருகிக் கட்டுவதுதான் காது. அதைப் பிடித்துத்தான் தூக்குவார்கள். திருக இரண்டு கை வேண்டும். பாவம் என்று அதுவரை யாரும் தையல்காரரிடம் இதைக் கேட்டதில்லை.

"காதில்லாம தூக்குறவன் எதப் பிடிப்பான்? உன் தலையவா?"

தையல்காரர் முகம் சுண்டிப்போனது. ஊசியைச் சாக்கில் குத்தி இந்தப் பக்கம் தள்ளினார். "ரெண்டு கை இருக்குல்ல? நீயே வை."

வீட்டுக்காரர் யாரும் பிடிக்காமல் வண்டியிலிருந்து இறங்கினார். தரையில் உட்கார்ந்தபடியே நகர்ந்து போனார். காது வைத்தார். ஒரு சாக்கு, இன்னொரு சாக்கு. வந்த சாயா ஆறிப்போனது.

மறுநாள் காலையில், "வண்டி எடு" என்றார். பதினோரு வருடம் அங்கே வேலை பார்த்தார்.

ஒற்றைக் கைக்காரரைப் பார்த்துத்தான் எழுந்தார் என்று எல்லாரும் சொல்வார்கள். வீட்டுக்காரரிடம் கேட்டால், "காது இல்லாம கெடந்துச்சு" என்பார். அவர் பார்த்தது ஆளையா, சாக்கையா? எனக்குப் புரியவில்லை.

தையல்காரர் முதல் ஒரு மாதம் எங்கள் இருவரிடமும் பேசவில்லை. பிறகு ஒரு நாள், தைத்த சாக்கைக் காலால் தள்ளி, "காது வை" என்றார். கோபம் தீர்ந்ததா, பழகிப்போனதா? நான் கேட்கவில்லை.