செயினில் விட்ட எண்ணெய்

என் அத்தையின் கணவரை எனக்குப் பிடிக்காது. ஆள் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. அதற்காகப் பிடித்துவிடுமா என்ன?

தொண்ணூறுகளில் நாங்கள் பாளையங்கோட்டையில் இருந்தோம். அப்பாவின் ஒரே தங்கையான அத்தை கல்லிடைக்குறிச்சியில் வாக்கப்பட்டிருந்தாள். ஞாயிறுதோறும் மாமா மட்டும் பஸ்ஸில் வந்து இறங்குவார். தங்கச்சி சுகமாக இருக்கிறாளா என்று அப்பா கேட்பார். இருக்கா என்பார் மாமா, சாவியை ஆணியிலிருந்து எடுத்தபடியே. அப்புறம் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றக் கிளம்பிவிடுவார். வீட்டு மாப்பிள்ளை கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்ற சட்டம் எங்கள் பக்கம் கிடையாது. சாயங்காலம் வண்டி திரும்பும்போது செயின் முழுக்க ஆற்றுமணல் அப்பியிருக்கும். "செயின் காஞ்சு கெடக்கு மச்சான், பாத்துக்கிடும்" என்று வேறு சொல்லிவிட்டுப் போவார்.

அப்பா வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே, பழைய பல் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் முக்கித் தேய்ப்பார். காயவிட்டு, கண்ணி கண்ணியாக ஆயில் விடுவார். ஊறியதும் மிச்சத்தைக் கிழிந்த பனியனால் ஒட்டத் துடைப்பார். துடைக்காவிட்டால் ஓடுகிற வேகத்தில் தெறிக்கும் என்று அவர்தான் சொன்னார். பார்த்துக்கொண்டிருக்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாமா மேல் பாதி, அப்பா மேல் மீதி.

எனக்குப் பத்து வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா சந்தைக்குப் போன நேரம் பார்த்து, செயினில் அரை பாட்டில் பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றினேன். துடைக்கவில்லை. மாமாவின் வெள்ளை வேட்டியை நினைத்துக்கொண்டேதான் ஊற்றினேன்.

அன்றைக்கென்று அத்தையும் வந்தாள். பக்கத்தில் யாரோ கட்டிய புதுவீட்டில் பால்காய்ப்பு. மாம்பழ நிறப் பட்டுச்சேலையில் அவள் வண்டியின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்தாள், இரண்டு காலும் செயின் பக்கம். சொல்லியிருக்கலாம். சொன்னால் மாட்டிக்கொள்வேன். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அரைமணியில் திரும்பி வந்தார்கள். சேலையில் முழங்கால் வரைக்கும் கறுப்பு. மாமாவின் வேட்டியில் ஒரு பொட்டு இல்லை. "ஒழுங்கா உக்காரத் தெரியாத சவத்தைக் கூட்டிட்டுப் போனா இப்படித்தான்" என்று தெருவே பார்க்கக் கத்தினார். அத்தை தலையை நிமிர்த்தவில்லை. அப்பா செயினைப் பார்த்தார். பிறகு என் நகங்களைப் பார்த்தார்.

"அவளைச் சொல்லாதீங்க மாப்ளே. தொடைக்க மறந்தது நான்தான்."

"வண்டி தர இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லணும் வே. இப்படியா செய்யுதது?"

சாவியை மண்ணில் எறிந்துவிட்டு, அத்தையை இழுத்துக்கொண்டு பஸ் ஏறப் போனார் மாமா. காப்பிகூடக் குடிக்கவில்லை அவள்.

அப்பா அடிப்பார் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து செயினைத் துடைத்தார். செய்யாத குற்றத்துக்கு அந்த ஆளிடம் பணிந்துபோன அப்பாவைக் கோழை என்றே நினைத்தேன்.

அதற்குப் பிறகு மாமா வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று குதித்தேன். தீபாவளிக்கு அத்தை வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. அப்பா ஒருமுறை சீர் கொண்டுபோய், அதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். அத்தையைப் பார்க்க விடாமல் மாமா வாசலோடு அனுப்பிவிட்டாராம். ஒரு சேலைக்காக இத்தனை வீம்பா என்று, அத்தை மேலும் நான் கோபமாக இருந்தேன்.