நாலாவது லைட் மட்டும் ஏன் எரிந்தது?

போன வெள்ளிக்கிழமை ஸ்ரீரங்கத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து, ஒரு இன்ஜினியர் எனக்குப் பாடம் எடுத்தார்.

நான் கேட்கவில்லை. அவராகவே எடுத்தார். ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கு முன்னால் வீட்டை விட்டு ஓடிப்போனவன் என்று என் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதோ என்னவோ... படித்தவர்கள் என்னைக் கண்டதும் சாக்பீஸைத் தேடுகிறார்கள்.

நான் அங்கே போனது ரபீக்கைப் பார்க்க. ஒரு காலத்தில் நாங்கள் இருவரும் ஒரே லைட் செட்டிங் கம்பெனியில் லாரி ஏறியவர்கள். இன்று உப்பிலியபுரத்தில் திருவிழா, நாளை ஜீயபுரத்தில் நாடகம். தூக்கம் வயர் பெட்டி மேல். ஒருமுறை ஷாக் அடித்ததில் என் இடது ஆள்காட்டி விரல் நுனிக்கு இன்றுவரை சூடு தெரியாது. டீ கிளாஸ் பிடிக்க வசதியாக இருக்கிறது.

நான் ஊர் ஊராக வேலை மாற்றிக்கொண்டே வந்து, கடைசியில் எழுத்தில் ஒதுங்கினேன். ரபீக் லைட்டிலேயே நின்றார். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் குடோன், பழைய மாடல் மேடை விளக்குகள், இரண்டு ஆட்கள். அப்புறம் இந்த மண்டபம். சமையலுக்கு, பூவுக்கு, லைட்டுக்கு என்று மண்டபத்து ஆபீஸில் ஒரு லிஸ்ட் உண்டு. அதில் பெயர் இருந்தால்தான் உள்ளே வர முடியும். லைட்டுக்கு ரபீக். அந்தப் பெயரை அடித்துவிட்டால் குடோனுக்குப் பூட்டுப் போட வேண்டியதுதான்.

அன்றைக்கு ரிசப்ஷன். பெண் வீட்டார் அலங்காரத்தை ஒரு ஈவென்ட் கம்பெனியிடம் கொடுத்திருந்தார்கள்; லைட் மட்டும் லிஸ்ட்படி ரபீக். அந்தக் கம்பெனியின் 'டெக்னிகல் ஹெட்' விக்னேஷ்தான் அந்த இன்ஜினியர். வயது இருபத்தைந்து இருக்கும். காதில் ஒன்று, கழுத்தில் ஒன்று, கையில் இரண்டு என்று ஏதேதோ மாட்டியிருந்தார்.

மேடைக்கு என்ன கலர் என்று கேட்டேன். சும்மா பேச்சுக்கு.

"எய்ட் ஜீரோ ஜீரோ ஜீரோ டூ ஜீரோ சார்."

நான் மேடையைப் பார்த்தேன். துணி அரக்குக் கலரில் தொங்கியது.

"அரக்கா?"

"அப்படியும் சொல்லலாம். இது ஹெக்ஸாடெசிமல். நம்ம நம்பர்ல பத்து இலக்கம். பைனரில ரெண்டு, ஆக்டல்ல எட்டு, இதுல பதினாறு. ஒன்பதுக்கு மேல ஏ, பி, சி-ன்னு எஃப் வரைக்கும் போகும்."

"ஏ-ன்னா எவ்வளவு?"

"பத்து."

"பத்துன்னே எழுதலாமே தம்பி?"

"ரெண்டு இடம் பிடிக்கும் சார்."

உண்மைதான். ஒரு இடத்தில் ஒருத்தர்தான் உட்கார வேண்டும். டவுன் பஸ்ஸில் இந்த விதி இல்லை என்பதால் எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

இனிதான் விஷயம்.

ரபீக்கின் விளக்குகளில் பின்பக்கம் நகம் அளவுக்குக் குட்டி சுவிட்சுகள் வரிசையாக ஒன்பது இருக்கும். (பத்தாவது ஒன்றும் உண்டு. அதற்கு வேறு வேலை, விட்டுவிடுவோம்.) ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் அட்ரஸ் நம்பர்; கண்ட்ரோல் போர்டில் அந்த விளக்கின் பட்டன்கள் தொடங்கும் இடம். முதல் விளக்குக்கு 1, அடுத்ததற்கு 6, அப்புறம் 11, 16, 21... எட்டாவதற்கு 36. ஏன் ஐந்து ஐந்தாக? ஒரு விளக்குக்கு ஐந்து பட்டன். கீழே கண்ட்ரோல் போர்டில் மொத்தம் நாற்பது பட்டன். கணக்கு சரியா?

அந்த அட்ரஸைக் குட்டி சுவிட்சுகளில்தான் வைக்க வேண்டும். முதல் சுவிட்சின் மதிப்பு 1. அடுத்தது 2. அப்புறம் 4, 8, 16... ஒவ்வொன்றும் முந்தியதைப் போல இரண்டு மடங்கு. வேண்டிய நம்பர் கூட்டி வரும்படி சுவிட்சுகளை ஏற்றிவிட்டால் போதும். ஆறு வேண்டுமா? நாலும் இரண்டும். அதாவது மூன்றாம் சுவிட்ச், இரண்டாம் சுவிட்ச். இதற்குத்தான் பைனரி என்று பெயர் என்பது எங்கள் இருவருக்கும் பல வருடம் தெரியாது. தெரியாமலே நிறையக் கல்யாணங்களுக்கு வெளிச்சம் கொடுத்தோம்.

ரபீக் காலையிலேயே எட்டு விளக்குக்கும் அட்ரஸ் வைத்து, மேடை ஓரம் வரிசையாகப் படுக்கவைத்துவிட்டு, ஜும்மா தொழுகைக்குப் போனார். திரும்பி வந்து, ஆட்களை வைத்து மேலே பைப்பில் கட்டினார். ஐந்து மணிக்கு சுவிட்சைப் போட்டார்கள்.

நாலாவது விளக்கு மட்டும் எரிந்தது. மற்ற ஏழும் இருட்டு.

மண்டப மேனேஜர் ரங்கராஜன் வந்தார். நெற்றியில் நாமம், கையில் போன், குரலில் பதற்றம்.

"என்ன ரபீக் இது? ஆறரைக்கு மாப்பிள்ளையாத்துக்காரா வந்துடுவா. மேடை குகை மாதிரின்னா இருக்கு!"

"காலையில பார்த்துட்டுத்தான் சாமி போனேன்."

விக்னேஷ் குறுக்கே வந்தார். "சார், இவங்க செட்டிங் எல்லாமே தப்பா இருந்துச்சு. நான் ஆப்ல போட்டு, ஒவ்வொண்ணா கரெக்ட் பண்ணினேன். நாலாவது எரியுது பாருங்க... அதான் ப்ரூஃப். மத்தது எல்லாம் லைட்டு ஃபால்ட்."

அட்ரஸை மாற்றியதை அவர் அதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

மேனேஜருக்கு ப்ரூஃப் போதும். "பழைய சாமானைக் கொண்டு வந்து என் தலையில கட்டாதேன்னு எத்தனை நாளா சொல்றேன்? ஆறு மணி வரைக்கும் பார்ப்பேன் ரபீக். அப்புறம் தில்லைநகர்லேருந்து வேற பார்ட்டி வருவான். நாளைக்கு லிஸ்ட்லயும் அவன் பேர்தான் இருக்கும்."

ரபீக் ஏணியை இழுத்துப் போட்டு ஏறினார். இரண்டாவது விளக்கின் பின்பக்கத்தைப் பார்த்தார். அப்புறம் மூன்றாவது. மேலே இருந்தே சிரித்தார்.

"மாப்ள, உன் போனைக் கேளு... ஆறுக்கு என்ன வருதுன்னு."

என் போனுக்கு அவ்வளவு அறிவு கிடையாது. விக்னேஷ் தன் போனை நீட்டினார். ஆறு என்று போட்டால் 000000110.

"இதை இப்படியே இடமிருந்து வலமா வெச்சீங்களா தம்பி?"

"ஆமாண்ணே. ஸ்டாண்டர்ட்."

"உங்க போன்ல ஒண்ணோட இடம் வலது கடைசி. என் சுவிட்ச்ல ஒண்ணோட இடம் இடது கடைசி. நீங்க ஆறு வெக்கல. நூத்தித் தொண்ணூத்திரண்டு வெச்சிருக்கீங்க."

விக்னேஷ் போனைத் தட்டினார். நூற்றுத் தொண்ணூற்றிரண்டுதான். நாற்பது பட்டன் போர்டில் அந்த நம்பர் எங்கே இருக்கும்?

"அப்ப நாலாவது எப்படிண்ணே எரியுது?"

"அதோட அட்ரஸ் பதினாறு. பதினாறுக்கு அஞ்சாவது சுவிட்ச் ஒண்ணுதான். ஒன்பதுல அஞ்சு எங்கே இருக்கு? நட்ட நடுவுல. தலைகீழா நின்னாலும் தொப்புள் நடுவுலதான தம்பி இருக்கும்?"

இன்ஜினியர் மேலே பார்த்தார், போனைப் பார்த்தார்.

மணி ஐந்தரை. நான் கீழே நின்று நம்பர் சொன்னேன். ரபீக் போனும் பார்க்காமல், பேப்பரும் கேட்காமல் ஏணியை நகர்த்திக்கொண்டே போனார்.

"இருபத்தொண்ணு."

"பதினாறு, நாலு, ஒண்ணு. அடுத்து?"

"இருபத்தாறு."

"பதினாறு, எட்டு, ரெண்டு."

"முப்பத்தொண்ணு."

"மொத அஞ்சையும் ஏத்து, வேலை முடிஞ்சுது."

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க, எட்டு விளக்கும் எரிந்தன. அரக்குத் துணி அரக்காகவே தெரிந்தது.

படிப்புக்கு நான் எதிரி இல்லை. படித்திருந்தால் என் விரல் நுனியாவது தப்பியிருக்கும். ஆனால் எனக்கு ஒன்று விளங்கவில்லை. பத்து இலக்கக் கணக்கை இரண்டு இலக்கமாக்கி, அதை எட்டாக்கி, பதினாறாக்கிப் பரீட்சையில் முழு மார்க் வாங்கியவர், ஏழு விளக்கு இருட்டாக இருக்கும்போது எரிகிற ஒன்றை மட்டும் சாட்சிக்குக் கூப்பிடுகிறாரே... அது எந்த சிலபஸில் வருகிறது? அந்தச் சுவிட்சுகளுக்குக் கீழே 1, 2, 3 என்று அச்சடித்தே இருக்கிறது ஐயா! என்ன, எழுத்து கொஞ்சம் பொடி. ஆப்பில் இருப்பதைப் படித்தவர், எதிரில் இருப்பதைப் படிக்கவில்லை.

மேனேஜர் போனில் பெண்ணின் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "ஒண்ணும் கவலைப்படாதேள். லைட்ல சின்ன கோளாறு. நல்லவேளை, நம்ம இன்ஜினியர் கூடவே இருந்தார், சரி பண்ணிட்டார்."

நம்ம இன்ஜினியர் அதை மறுக்கவில்லை. இடது காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வலது காதில் மாட்டிக்கொண்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சண்டைக்குக் கிளம்பியவனை ரபீக் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"லிஸ்ட்ல என் பேரு இருக்கா?"

"இருக்கு."

"பின்ன என்ன? வா, டீ குடிப்போம்."

டீ குடித்துவிட்டு, கோபுரத்துப் பக்கம் ஒரு ஃபேன்சி கடையில் ரபீக் நின்றார். சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஓர் அட்டை வாங்கினார். மண்டபத்துக்குத் திரும்பி வந்து ஏணியில் ஏறி, ஒவ்வொரு விளக்குக்கும் முதல் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தார்.

"எதுக்கு? உனக்குத்தான் கண்ணை மூடினாலும் தெரியுமே?"

"எனக்கு எதுக்கு மாப்ள? படிச்சவங்க வந்துபோற இடம். வழி தெரியாம தொலைஞ்சு போயிடுவாங்க."