தகர டின்னில் அவித்த மரம்

பிள்ளைகளே, கடதாசி மரத்திலிருந்து வருகிறது என்று உங்கள் புத்தகத்தில் ஒரே வரியில் போட்டிருக்கிறது. அந்த ஒரு வரியை ஒரு நாள் முழுக்க அடுப்பில் வைத்து அவித்துப் பார்த்தவன் நான்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே யூகலிப்டஸ் மரங்களை வெட்டி லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கே போகிறது என்று கேட்டேன்.

"கடதாசி ஆலைக்குடா தம்பி. பொடிப்பொடியா வெட்டி, சோடா போட்டு அவிச்சா கூழாயிரும். அதைச் சலிச்சுக் காயவெச்சா கடதாசி" என்றார் லொறிக்காரர்.

அந்த வாரம்தான் அக்காவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியிருந்தார்கள். ஏன் என்று அம்மாவைக் கேட்டதற்கு, "கொப்பி வாங்க வழியில்லடா, வேற என்ன" என்றார். அப்படியானால் கொப்பியை நாமே செய்துவிட்டால் அக்கா மறுபடி என்னோடு வருவாள். எட்டு வயதில் எல்லாம் அவ்வளவு சுலபம்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அப்பாவும் பதுளைக்குப் போனார்கள். மரம் வெட்டிய இடத்தில் கிடந்த செதில்களைப் பொறுக்கி வந்து, ஒரு தகர டின்னில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினோம். சோடா இல்லை, சாம்பலைப் போட்டோம். நான் ஊதினேன். அக்கா கிண்டினாள்.

பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த மாமா எட்டிப் பார்த்து, "என்னாடா மாப்ள, வெறகுப் பாயாசமா?" என்றார்.

"ஒங்களுக்கும் ஒரு கோப்ப எடுத்து வெக்கிறோம் மாமா" என்றாள் அக்கா.

சாயந்தரம் வரை அவித்தும் செதில்கள் சற்றே சிவந்தன, அவ்வளவுதான். அம்மியில் நசுக்கி, மாவு சலிக்கும் அரிதட்டில் பரப்பி, அடுப்போரம் காயவைத்தோம். வந்தது கடதாசி இல்லை, வரட்டி. பென்சில் பட்டதும் உதிர்ந்தது. நான் அழுதேன்.

"அழாதடா. இன்னுங் கொஞ்சம் சாம்பல் போட்டிருக்கணும்" என்றாள்.

திரும்பி வந்த அம்மா காலியான விறகு மூலையைப் பார்த்தார். ஒரு வாரத்து விறகு. "நாளைக்கு சோத்த எதப் போட்டு பொங்குறது, என் தலையப் போட்டா?" என்று கையை ஓங்கினார். அக்கா குறுக்கே வந்து நின்றாள். ஓங்கிய கையால் அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். விறகுக்குப் போய் இப்படி அழுவார்களா என்று நினைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் ஒருவர் வந்து அக்காவைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

ஆலையில் மூடி இறுக்கிய பெரிய இரும்புப் பானையில் வைத்து மரத்தை அவிக்கிறார்கள், லயத்து அடுப்பில் அது ஒருநாளும் கூழாகாது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இன்னொன்றும் பின்னால்தான் தெரிந்தது. கொழும்புக்குப் போவது அக்காவுக்கு முந்தின வாரமே தெரியும். தெரிந்தும், புகையில் கண் எரிய எரிய, பொழுது சாயும்வரை அவள் கிண்டிக்கொண்டிருந்தாள்.