ராகு காலத்துக்கு முன் ஒரு விண்டோஸ்

நேற்று வாங்கிய லேப்டாப்பில் ஒரு பழுதும் இல்லை. ஆனால் கடையில் அதை முதன்முதலாக ஓன் செய்தது பகல் இரண்டு மணிக்கு. வியாழக்கிழமை இரண்டு மணி ராகு காலம் என்று அம்மா கலண்டரைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்.

“திங்கக்கெழம புது வேலைய இதுலதான தொடங்கப் போற? எல்லாத்தையும் அழிச்சிட்டு நல்ல நேரத்துல மறுபடி போட்டுட்டு வா.”

புசல்லாவையில் பஸ் ஏறி, கண்டியில் லேப்டாப் திருத்தும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனின் கடைக்குப் போனபோது மணி பத்து. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்குத் தொடங்கும். அது முடிகிற பன்னிரண்டுக்கு நானா ஜும்மா தொழுகைக்குக் கடையைப் பூட்டிவிடுவார்.

தயங்கித் தயங்கிக் காரணத்தைச் சொன்னேன். நானா சிரிக்கவில்லை.

“பழைய ஹார்ட் டிஸ்க் எண்டா ஜும்மா முடிஞ்சும் ஓடிட்டு ஈக்கும் தங்கச்சி. இது எஸ்எஸ்டி. பத்தரைக்கு முந்தித் தாறன்.”

பத்து இருபத்திரண்டுக்கு விண்டோஸ் புதிதாக எழுந்தது. அம்மாவுக்கு போன் பண்ணினேன். “இப்பதான் நிம்மதி” என்றார்.

போனை வைத்துவிட்டுப் பார்த்தால், லேப்டாப் தானாகவே அப்டேட்டை இறக்கிக்கொண்டிருந்தது. பத்து நாற்பதுக்கு, யாரையும் கேட்காமல், அணைந்து மறுபடி எழுந்தது.

நானா கடிகாரத்தைப் பார்த்தார். “உம்மாக்குச் சொல்ல வாணாம்” என்றார்.

அம்மா ஃபேஸ்புக்கில் இல்லை; அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன். சித்தி இருக்கிறார்.

சித்தி, லைக் மட்டும் போடுங்க.