குக்கரில் சாய்த்து வைத்த போன்

என் மகளை எழுப்புகிற வேலை பல வருடங்களாக என்னுடையது. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அலாரம் வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் எழுந்துகொள்வார்கள், அவள் எழுந்திருக்க மாட்டாள். அதனால் கால் கட்டைவிரலைப் பிடித்து ரெண்டு இழுப்பு இழுப்பேன். காஞ்சிபுரத்தில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு விடியலிலேயே வேன் வந்த நாளில் தொடங்கிய பழக்கம். வளர்ந்து ஒரகடத்தில் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சேர்ந்து, முதல் ஷிப்டுக்கு இருட்டிலேயே கம்பெனி பஸ் ஏறத் தொடங்கிய பிறகும் அது மாறவில்லை.

போன தீபாவளிக்கு போனஸ் வந்ததும் கையில் கட்டுகிற வாட்ச் ஒன்றை வாங்கினாள். மறுநாள் நான் தலையை முடிந்துகொண்டு எழுப்பப் போனால் பாயில் ஆள் இல்லை. பாத்ரூம் வாசலில் பல் தேய்த்தபடி நின்று, மணிக்கட்டைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். வாட்சை என் கன்னத்தில் வைத்து அது அதிர்வதைக் காட்டினாள். எனக்குச் சுருக்கென்றது. வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டியாக இருக்கும் என் வீட்டுக்காரர் டூட்டி முடிந்து வந்ததும் சொன்னேன், "உன் பொண்ணு நம்மள வேலைய விட்டுத் தூக்கிட்டா." அவர் தொப்பியைக் கழற்றியபடி, "நல்லதாப் போச்சு, நீயும் தூங்கு" என்றார். மனிதர் அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்கென்று சில சைகைகள் உண்டு. மீசையை முறுக்கினால் அப்பா. சாப்பாடு, குளியல், பஸ், காசு, வலி, வேண்டாம், கோபம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கை அசைவு. கூப்பிட வேண்டுமென்றால் ட்யூப்லைட்டை அணைத்துப் போடுவேன், அல்லது தரையில் ஓங்கி மிதிப்பேன். அவள் சின்னவளாக இருந்தபோது ஒரு தடவை 'அம்மா' என்று கூப்பிட்டுவிட மாட்டாளா என்று கோயில் கோயிலாகப் போயிருக்கிறேன். பிறகு அந்த ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். இந்தச் சைகைகளை வைத்தே ஒரு பெண்ணை வளர்த்து ஆளாக்கிவிட்டேன் என்கிற பெருமை மட்டும் நிறைய இருந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம், "இருக்கற எடம் தெரியாது, என்னா அமைதி" என்பார்கள். நானும் அதை அப்படியே நம்பி, பெண்ணுக்கு அமைதியான குணம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஆகாதது அந்த போன்தான். சைகையில் வீடியோ கால் பேச ரெண்டு கையும் வேண்டும், ஆகவே போன் தானாக நிற்க வேண்டும். ஜன்னல் கம்பியில் ஹேர்கிளிப் போட்டு மாட்டுவாள், அரிசி டப்பாவில் சாய்ப்பாள். அவளுக்கு ரொம்பப் பிடித்த இடம் என் குக்கர். பருப்பு போடலாம் என்று போனால் குக்கர் போனுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும். எதிர்ப்பக்கம் இருப்பது ஒரு பையன் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் காது கேட்காது. திருநெல்வேலிப் பக்கம், மறைமலை நகரில் கார் கம்பெனி வேலை, தங்கையோடு வாடகை வீட்டில் இருக்கிறான். காது கேளாதவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் பழக்கமாம். அது வெறும் பழக்கம் இல்லை என்பதும் எனக்குப் புரிந்தே இருந்தது.

என் அண்ணன் மகன் மறைமலை நகரில் சொந்தமாக லோடு வண்டி ஓட்டுகிறான். குடி கிடையாது, நல்ல பிள்ளை, முறைப் பையன். ஆவணியில் தட்டோடு வருகிறேன் என்று அண்ணன் சொல்லியிருந்தார். "சொந்தத்துல குடுத்துட்டா கடைசி வரைக்கும் கண்ணு முன்னாடி இருப்பா. வெளிய குடுத்தா யாரு பாத்துக்குவா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். காது கேட்காத ரெண்டு பேரை ஒரே வீட்டில் வைத்தால், நாளைக்குக் குழந்தை அழுதால் யாருக்குக் கேட்கும்? இந்த ஒரு கேள்வி என் தூக்கத்தைக் கெடுத்தது. அண்ணனிடம் 'சரி' என்று சொல்லவேண்டியதுதான் பாக்கி. மகளிடம் லோடு வண்டி ஓட்டுகிற மாதிரி கையைத் திருப்பிக் காட்டி, கழுத்தில் தாலி கட்டுகிற மாதிரி காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் ஒரு கம்பெனி கேன்டீனில் சூப்பர்வைசர். ஒருநாள் அங்கே பாய்லர் படுத்துவிட, மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாசலுக்கு வந்தவள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மகள் போனுக்கு முன்னால் நிற்கிறாள். கண்ணை உருட்டுகிறாள். இடுப்பில் கை வைக்கிறாள். விரலை நீட்டி நீட்டி மிரட்டுகிறாள், மார்பில் அடித்துக்கொள்கிறாள். திரையில் அந்தப் பையன் முகத்தை மூடிக்கொண்டு குனிந்திருக்கிறான். பெரிய சண்டை என்று நினைத்துவிட்டேன். தாலியே ஏறவில்லை, அதற்குள் என் பெண்ணை இந்தப் பாடு படுத்துகிறானே என்று எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

உள்ளே போய் போனைப் பிடுங்கினேன். எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தத்தை மீறிக் கத்திக் கத்திப் பழகிய தொண்டை என்னுடையது. "டேய், இன்னா நெனச்சிகினு கீற நீ? எம் பொண்ண அழ வெச்சன்னு வையி, மறைமலை நகருக்கே வந்து தோலை உரிச்சிடுவேன், ஆமா!" அவன் என் வாயையே மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் ரெண்டு வார்த்தை கூடப் போட்ட பிறகுதான், யாரிடம் கத்திக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

பக்கத்திலிருந்து ஒரு பெண் திரைக்குள் தலையை நீட்டினாள். அவன் தங்கை. அவளுக்குக் காது கேட்கும்.

"அம்மா, கோவப்படாதீங்கம்மா. சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. அண்ணன் சிரிப்பு தாங்காமத்தான் குனிஞ்சிட்டான்."

"இன்னாத்துக்குச் சிரிப்பு?"

அவள் தயங்கினாள். "உங்க பொண்ணு உங்களப் பத்தி ஒரு கதை சொல்லிட்டு இருந்தாங்க."

"என்னைப் பத்தியா? சொல்லச் சொல்லு, நானும் பாக்கறேன்."

போன் மறுபடி குக்கரில் சாய்ந்தது. நான் கிரைண்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். மகள் முதலில் கூச்சப்பட்டாள். பிறகு கையை உதறிவிட்டுத் தொடங்கினாள். தங்கைக்காரி போனுக்குள்ளிருந்து வாயால் சொல்லிக்கொண்டே வந்தாள்.

தண்ணீர் லாரிக்காரனோடு நான் போட்ட சண்டைதான் கதை. என் துணிக்கொடியை அறுத்துக்கொண்டு ரிவர்ஸ் வந்தான். மகளின் ஒரு உள்ளங்கை லாரியாகி ஆடி ஆடிப் பின்னால் வந்தது. அவள் முகம் டிரைவராகி, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வெற்றிலை மென்றது. என் புடவை பறந்து போய் முன் கண்ணாடியை மூடியது, டிரைவர் கண் தெரியாமல் தடுமாறினான். அடுத்த நொடி அவள் நானாகிவிட்டாள். திட்டுவதற்கு முன்னால் முந்தானையை இடுப்பில் செருகுவேன், அது வந்தது. திட்டி முடித்து நாலடி போய், விட்டுப்போன ஒன்று ஞாபகம் வந்து திரும்பி வருவேன், அதுவும் வந்தது. நான் கரண்டியோடு வருவதைப் பார்த்து அவன் டேங்க் மேலேயே ஏறிக்கொண்டதை, ஏணிப்படிகளோடு, கால் வழுக்கியதோடு காட்டினாள். அந்த இடத்தில் இருந்தவள் நான்தான். இத்தனையும் நான் பார்க்கவே இல்லை.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அமைதியான பெண் என்று நான் சொல்லித் திரிந்தவள் இவளா? பெரிய வாயாடி! என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். தெருவில் ஒருத்தர் விடாமல் நடித்துக் காட்டினாள், எல்லாருக்கும் ஒரு கிண்டல் வைத்திருந்தாள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. கொஞ்ச நேரத்தில் அது சிரிப்புத் தண்ணீரா என்று எனக்கே தெரியவில்லை.

கதையில் நான் வரும்போதெல்லாம் அவள் ஒன்று செய்தாள். வலது கையால் இடது கைக் கட்டைவிரலைப் பிடித்து ரெண்டு தடவை இழுத்தாள். "அது இன்னா?" என்று கேட்டேன்.

"அது நீங்கதாம்மா. உங்க பேரு. எங்க குரூப்புல எல்லாருக்கும் உங்கள அப்படித்தான் தெரியும். கால் வெரலப் புடிச்சு எழுப்புறவங்க."

நான் பார்த்தே இராத ஊர்களில், பார்த்தே இராத பிள்ளைகளிடம் எனக்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது. குக்கரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் மகள் தன் போனில் ஏதோ ஒரு ஆப்பைத் திறந்து என் முன்னால் வைத்தாள். நாம் பேசினால் அது எழுத்தாக்கிக் காட்டுமாம். "அந்தப் பையன புடிச்சிகிதா ஒனக்கு?" என்றேன். நம்ம ஊர்ப் பேச்சு அந்த எந்திரத்துக்குப் பழக்கம் இல்லை போல, என்னென்னவோ எழுதியது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். வேறு வழியில்லாமல், டிவியில் செய்தி வாசிக்கிறவள் மாதிரி முதுகை நிமிர்த்தி, "உனக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டேன். பெற்ற பெண்ணிடம் முதன்முதலாக முழுசாக ஒரு வாக்கியம் பேசுகிறேன், அதுவும் செய்தித் தமிழில். அவள் தலையாட்டினாள்.

"குழந்தை அழுதால் யாருக்குக் கேட்கும்?"

மணிக்கட்டைக் காட்டினாள். தொட்டில் பக்கத்தில் ஒரு சின்ன மெஷினை வைத்துவிட்டால், குழந்தை அழும்போது வாட்ச் அதிருமாம். கம்பெனியில் அவளோடு வேலை செய்கிற, காது கேட்காத ஒருத்தி அப்படித்தான் பிள்ளை வளர்க்கிறாளாம், தட்டித் தட்டி எழுதிக் காட்டினாள். என் வேலையைப் பிடுங்கிக்கொண்ட அதே வாட்ச்.

"லோடு வண்டி மாமா நல்ல பையன்தானே?" என்று கடைசியாகக் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்து எழுதினாள். வாங்கிப் படித்தேன்.

'நல்ல மாமா. சாப்பாடு பேசுவேன். குளியல் பேசுவேன். பஸ் பேசுவேன். வலி பேசுவேன். அப்புறம்?'

அண்ணன் வீட்டில் அவள் எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அமைதியான மருமகளாக இருப்பாள். எல்லாரும் மெச்சுவார்கள். காலம் முழுக்க மெச்சுவார்கள். நினைக்கவே பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு என் கண்ணில் மற்றதும் வேறு மாதிரி பட ஆரம்பித்தது. எங்கள் கேன்டீனில் காது கேட்கிற, வாய் பேசுகிற பிள்ளைகள் தட்டுக்கு ஒரு போன் என்று குனிந்தபடியே சாப்பிட்டுப் போகிறார்கள். உப்பு வேண்டுமென்றால்கூடத் தலை நிமிராமல் கையை நீட்டுகிறார்கள். என் வீட்டில் அதே போன்தான் ஒரு பெண்ணின் வாயைத் திறந்துவிட்டிருக்கிறது. எது எப்படி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் ஒரகடம் சிக்னலில் மகளின் பஸ்ஸும் இன்னொரு கம்பெனி பஸ்ஸும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதை ஆட்டோவிலிருந்து பார்த்தேன். ஏசி பஸ், கண்ணாடி எல்லாம் மூடியிருக்கிறது. கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடிக்கின்றன. இந்த ஜன்னலின் காது கேளாத பெண்களும் அந்த ஜன்னல் பெண்களும் கண்ணாடிக்குக் கண்ணாடி கையை வீசி அரட்டை அடிக்கிறார்கள். அந்தச் சாலையில் அப்போது ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரிந்தது அவர்களுக்கு மட்டும்தான். பச்சை விழும்வரை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனிடம் சொன்னபோது குதித்தார். "போன்ல பாத்தத நம்பி ஒரு சம்பந்தமா? உனக்கு இன்னா ஆச்சி?" ஒரு மாதம் பேசவில்லை. ஆனால் பெண் பார்க்கப் பையன் வீட்டார் வந்தபோது, தாய்மாமன் இல்லாமல் எப்படி என்று தானாகவே வந்து, மூலையில் முறைப்பாக உட்கார்ந்துகொண்டார்.

வழக்கமாக அந்தச் சபையில் பெண் தலை குனிந்து காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள், மற்றவர்கள் பேசித் தீர்ப்பார்கள். அன்று எல்லாம் தலைகீழ். "ஒங்க ஊர்ல மழையெல்லாம் எப்டி?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "பரவாயில்ல" என்றார்கள். அதோடு சரி. மகளும் பையனும் எதிரெதிரே நாற்காலி போட்டு, நடுவில் போன் இல்லாமல், கையும் கண்ணும் புருவமுமாகப் பொழிந்து தள்ளினார்கள். வாய் இருக்கிற நாங்கள் எல்லாரும் கப்பை வைத்துக்கொண்டு சும்மா இருந்தோம். எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்த தங்கைக்காரி ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டு, "அத்தை, இது நமக்குச் சொல்றது இல்ல" என்று சிரித்தாள். அவள் என்னை அத்தை என்றதை நான் அப்புறம்தான் கவனித்தேன்.

அண்ணன் காபியில் ஆடை படிந்திருந்தது. என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார், "ஏம்மா, இது இவ்ளோ பேசுமா?"

"பேசும்ணா" என்றேன். அவர் ஆடையை ஒதுக்கிவிட்டு ஆறிப்போன காபியைக் குடித்தார்.

கல்யாணம் விடியற்கால முகூர்த்தம். மண்டபத்து அறையில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குத்தான் வாட்ச் இருக்கிறதே, நாம் எதற்கு என்று நினைத்தபடியே பழக்கத்தில் எழுந்து போனேன். வாட்ச் அவள் கையில் இல்லை. ஜன்னல் திட்டில் பட்டை மடித்து, அணைத்து வைக்கப்பட்டிருந்தது. போர்வைக்கு வெளியே மருதாணி போட்ட கால் ரெண்டும் நீட்டிக்கொண்டிருந்தன. உண்மையில் தூங்கினாளா, காத்திருந்தாளா, எனக்குத் தெரியாது.

உட்கார்ந்து கட்டைவிரலைப் பிடித்து ரெண்டு இழுப்பு இழுத்தேன். கண்ணைத் திறந்தாள். எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே என்னைப் பார்த்து, தன் இடது கைக் கட்டைவிரலைப் பிடித்து ரெண்டு தடவை இழுத்தாள்.

என்னைக் கூப்பிட்டாள்.